பாக்கெட் பாக்டீரியாவும் வாழைக்காயும்

குழந்தை நலம்: கேள்வி – பதில்

கேள்வி: டாக்டரம்மா, என் மகனுக்கு 16 மாதம். எடை 7.8 கிலோ. அங்கன்வாடியில் கையில் நாடா சுற்றிப் பார்த்துவிட்டு மஞ்சள், அதாவது மிதமான மெலிவு என்றார்கள். "குடலில் நல்ல பாக்டீரியா இல்லை, அதான் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டவில்லை" என்று சொல்லி மருந்துக் கடைக்காரர் ஒரு பொடி கொடுத்தார். தினமும் ஒரு பாக்கெட். தொடரலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் பாக்கெட்டில் போட்டு விற்றுவிட்டார்.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் சில இரட்டைக் குழந்தைகள். ஒரே வீடு, ஒரே கஞ்சி. ஒன்று நன்றாக இருக்கிறது, மற்றதற்குக் கால் வீங்கி குவாஷியோர்கர் என்ற கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டின் மலத்திலும் இருந்த பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டன் குழு. கூடவே மலாவிச் சாப்பாடு. சீக்காளிப் பிள்ளையின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகள் மளமளவென்று இளைத்தன. இது 2013இல் வெளிவந்தது.

அடுத்த வருடம் வங்கதேசத் தலைநகர் டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியிலிருந்து இன்னொரு செய்தி. பால் குடிக்கும் வயதில் ஒரு வகை பாக்டீரியா, சோறு தின்னும் வயதில் வேறு வகை என்று குழந்தையின் குடலும் படிப்படியாக வளரும். கடுமையாக மெலிந்த பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி தடைப்பட்டு, குடல் வயதுக்குப் பின்தங்கிக் கிடந்தது. சிகிச்சை உணவு கொடுத்தபோது கொஞ்சம் முன்னேறியது, நிறுத்தியதும் பழையபடி சறுக்கியது. "ஆஸ்பத்திரியில் இருந்தவரை தேறினான், வீட்டுக்கு வந்ததும் இளைத்துவிட்டான்" என்று தாய்மார்கள் என்னிடம் புலம்புவது இப்போது கொஞ்சம் புரிகிறது.

அப்படியானால் பாக்டீரியாவையே கொடுத்தால் என்ன? அதையும் பார்த்துவிட்டார்கள். மலாவியில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள 795 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மட்டும் சிகிச்சை உணவில் புரோபயாடிக்கை, அதாவது நல்ல பாக்டீரியாவைக் கலந்தார்கள். தேறியவர்கள் கணக்கு கூடவில்லை (2009). ஆச்சரியமில்லை. வேலையாளைக் கூட்டிவந்து சோறு போடாமல் நிறுத்தினால் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான். இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி போட்டால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள், கார்டனும் டாக்காவின் ஆய்வாளர் தஹ்மீத் அகமதும்.

எந்தத் தீனி? கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை மாவு, பச்சை வாழைக்காய்! அதோடு சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள். மிர்பூரில் மிதமாக மெலிந்த 12 முதல் 18 மாதப் பிள்ளைகள், அதாவது உங்கள் மகன் வயதுக்காரர்கள், 123 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு இந்தக் கலவை, மீதிப் பேருக்கு வழக்கமான அரிசி-பருப்பு-பால்பவுடர் சத்துணவு. தினம் இரண்டு வேளை, மூன்று மாதம். வாழைக்காய்க் கலவையில் கலோரி குறைவு, ஆனாலும் அதைச் சாப்பிட்டவர்கள்தான் உயரத்துக்கேற்ற எடையில் வேகமாக ஏறினார்கள் (2021). உயரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் பொடியை நிறுத்துங்கள். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். மிர்பூர் கலவையை அளவு போட்டு வீட்டில் செய்து மருந்தாகக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வாழைக்காயை வேகவைத்து மசித்து, சோற்றில் பருப்போடு பிசைந்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஊட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நிலக்கடலையை மாவாக அரைத்தே கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய் மாட்டும். தாய்ப்பாலோடு மூன்று நான்கு வேளை சாப்பாடு, இடையில் ஒன்றிரண்டு தின்பண்டம். அங்கன்வாடிச் சத்துமாவு பிள்ளைக்கு மட்டும். மாமியாரிலிருந்து மாடுவரை அதைப் பங்கு போடும் வீடுகளை எனக்குத் தெரியும்!

ஒருமுறை குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். காசநோய், சிறுநீர்த் தொற்று மாதிரி ஏதாவது ஒளிந்திருந்தாலும் எடை ஏறாது. நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழே இறங்கி சிவப்பு வந்தாலோ, பாதம் வீங்கினாலோ, சாப்பாட்டைத் தொடவே மறுத்தாலோ அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஒரு வயதுப் பேத்திக்குத் தயிர் கொடுத்தால் சளி பிடிக்கும் என்கிறாள் மருமகள். குடலுக்கு நல்லது என்கிறேன் நான். யார் சரி?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: நீங்கள்தான், ஐயா. ஆனால் மருமகளிடம் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். தயிர் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். அதிலுள்ள பாக்டீரியா பெரும்பாலும் வந்த வழியே போய்விடும்.

கேள்வி: வயிற்றுப்போக்கு வந்தால் போன தடவை வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பையே கொடுக்கலாமா? மகளுக்கு இரண்டு வயது.
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: கூடாது. இந்த வயதில் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதை ஆன்டிபயாடிக் தொடாது, குடலின் நல்ல பாக்டீரியாவைத்தான் காலி செய்யும். ஓ.ஆர்.எஸ். கரைசல், 14 நாள் ஜிங்க், வழக்கமான சாப்பாடு. மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் குழி விழுந்து பிள்ளை துவண்டாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மிச்சமிருக்கும் சிரப்பைக் கொட்டிவிடுங்கள்.