அத்தைப் பாட்டியின் 1943 உயில்: இறந்தது எந்த ஆடி?

கேள்வி: எங்கள் தாத்தாவின் அத்தை (வீட்டில் அத்தைப் பாட்டி என்போம்) கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்தவர். குழந்தை இல்லை. கணவர் 1931-இல் இறந்துவிட்டார். அண்ணன் தம்பிகளுக்குள் 1926-இல் நடந்த பாகப்பிரிவினையில் கணவருக்கு வந்த 15 மா நன்செய், பாட்டியின் அனுபவத்தில் இருந்தது. 1938-இல் தன் நகைகளை விற்று ஒரு ஓட்டு வீட்டையும் தன் பெயரில் வாங்கினார். 1943-இல் பதிவு செய்த உயிலில் வீட்டையும் 13 மா நிலத்தையும் தன் அண்ணன் மகனான எங்கள் தாத்தாவுக்கும், மீதி 2 மாவை ஊர்ச் சிவன் கோவில் விளக்குக்கும் எழுதினார். அவர் இறந்தது 1955 ஆடியில் என்கிறார் பெரியப்பா. 1956 ஆடி என்கிறார் அப்பா. அன்றிலிருந்து எல்லாமே எங்கள் அனுபவத்தில்தான். கோவிலுக்கு எண்ணெய் கொடுத்து வந்தோம், சில வருடங்களாக அதுவும் இல்லை. இப்போது நிலத்தையும் வீட்டையும் விற்க முன்பணம் வாங்கியிருக்கும் நேரத்தில், பாட்டியின் கணவருடைய தம்பி பேரன்கள் "விதவைக்கு உயில் எழுதும் உரிமையே கிடையாது" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். உயில் செல்லுமா?

பதில்: நோட்டீஸ் எழுதிய வக்கீல் சும்மா எழுதவில்லை. 1943-இல் இருந்த சட்டப்படி அவர் சொல்வது பாதி சரி. ஆனால் உயில் என்பது எழுதிய நாளில் உயிர் பெறுவதில்லை, எழுதியவர் கண்ணை மூடிய நாளில்தான் உயிர் பெறுகிறது. அதனால் உங்கள் வழக்கில் 1943-ஐவிட, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த ஆடி மாதம்தான் முக்கியம்.

முதலில் அந்தக் காலத்து நிலைமை. பாகம் பிரிந்துபோன குடும்பத்தில் ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்து மனைவிக்குப் போகும். ஆனால் ஒரு கட்டோடு. விளைச்சலை அவர் இஷ்டப்படி அனுபவிக்கலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ மட்டும் சட்டம் ஏற்கும் அவசியம் வேண்டும்: கணவர் வைத்துவிட்டுப் போன கடன், அவருடைய கருமாதிச் செலவு, பெண்ணின் கல்யாணம் போன்றவை. கணவரின் ஆன்ம நலனுக்காகச் சிறு பங்கை உயிரோடு இருக்கும்போதே கோவிலுக்குத் தானமாகக் கொடுக்கவும் நீதிமன்றங்கள் அனுமதித்தன. உயில் எழுதி வைக்க மட்டும் முடியாது. அவர் இறந்ததும் சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகாது. கணவர் அன்றைக்குத்தான் இறந்தார் என்று வைத்துக்கொண்டு, அந்த நாளில் கணவருக்கு யார் நெருங்கிய வாரிசோ அவருக்குப் போகும். ரிவர்ஷனர் என்று வக்கீல்கள் சொல்வது இவர்களைத்தான்.

இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு மசூலிப்பட்டணம் கலெக்டர் வழக்கைச் சொல்லலாம். 1861-இல், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது அது. கணவர் வழியில் வாரிசே இல்லாத ஒரு விதவை சொத்தை ஈடு வைத்திருந்தார். கேட்க ஆளில்லையே, முழு அதிகாரம் அவருக்குத்தானே என்றால், இல்லை என்றார்கள். வாரிசில்லாச் சொத்து அரசுக்கு வரும், அந்த அரசே விதவை செய்த பத்திரத்தை எதிர்த்துக் கேட்கலாம் என்று தீர்ப்பானது. கும்பினிக்காரர்கள் நம் சாஸ்திரத்தை எவ்வளவு அக்கறையாகப் படித்தார்கள் பாருங்கள், தங்களுக்கு வரவேண்டியது இருந்தால்!

1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தை யாராவது உங்களிடம் எடுத்துக் காட்டினால் கவனிக்க வேண்டாம். கணவர் இறந்தது 1931, அந்தச் சட்டம் பின்னோக்கிப் பாயாது. பாய்ந்தாலும் அதுவும் கட்டுப்பட்ட உரிமையைத்தான் கொடுத்தது.

சரி, இப்போது ஆடிக்கு வருவோம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 14(1) பிரிவு, அன்றைக்கு ஒரு இந்துப் பெண்ணின் சுவாதீனத்தில் இருந்த சொத்துக்கு, அது எப்போது வந்திருந்தாலும், அவரை முழு உரிமையாளர் ஆக்கிவிட்டது. நிலம் குத்தகைதாரர் கையில் இருந்திருந்தாலும் அது பாட்டியின் சுவாதீனம்தான். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஆகவே பாட்டி இறந்தது 1956 ஆடி என்றால், ஏறக்குறைய ஒரு மாதமாவது அவர் அந்த 15 மாவுக்கும் கட்டில்லாத சொந்தக்காரராக இருந்திருக்கிறார். உயில் பேசுவது மரண நாளிலிருந்து என்பதால், 1943-இல் அவருக்கு இல்லாத அதிகாரம் பற்றிய வாதம் விழுந்துவிடும். 1955 ஆடி என்றால் பழைய சட்டம்தான். 15 மாவைப் பொறுத்தவரை உயில் வெறும் காகிதம்.

அதனால் முதல் வேலை இறப்புப் பதிவு. அப்போது கிராம முன்சீப் இறப்புகளைப் பதிவேட்டில் எழுதி மேலே அனுப்புவார். பழைய பதிவேடுகளைத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டு, சான்றிட்ட நகல் வாங்குங்கள். வீட்டில் திதி நோட்டு இருந்தால் அதில் வருடப் பெயரைப் பாருங்கள். மன்மத வருடம் ஆடி என்றால் 1955, துர்முகி என்றால் 1956. பெரியப்பாவும் அப்பாவும் இதை வைத்தே பாதி வழக்கை முடித்துக்கொள்ளலாம், ஆனால் நீதிமன்றத்துக்குப் பதிவேடுதான் வேண்டும். அது கையில் வரும்வரை, பதில் நோட்டீஸில் இறந்த வருடத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுவிடாதீர்கள். ஒரு வரியில் ஒப்புக்கொண்டதை அப்புறம் பத்து சாட்சி வைத்தாலும் அழிப்பது கஷ்டம்.

வீட்டின் கதை வேறு. நகை பாட்டியின் ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கே முழுச் சொந்தமான சொத்து, அதை விற்று வாங்கிய வீடும் ஸ்திரீதனம். அதை உயிலில் எழுத 1943-இலேயே அவருக்கு முழு அதிகாரம் உண்டு, எந்த ஆடியாக இருந்தாலும். எதிர்த்தரப்பு, "நிலத்து வருமானத்தில் வாங்கியது, அதுவும் கணவர் சொத்தோடு சேரும்" என்று வாதாடுவார்கள். வருமானத்தில் வாங்கியிருந்தாலும், அதைத் தன் தனிச் சொத்தாக நடத்தினாரா, கணவர் சொத்தோடு சேர்த்துவிட்டாரா என்ற அவருடைய எண்ணத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 1938 கிரயப் பத்திரத்தில் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

உயிலை நிரூபிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எண்பது வருடப் பழைய பத்திரம், பதிவும் ஆகியிருக்கிறது, இனி என்ன நிரூபிக்க என்று நினைப்பார்கள். முப்பது வருடம் கடந்த பத்திரத்துக்குச் சாட்சியச் சட்டம் தரும் சலுகை உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாட்சிகள் உயிரோடு இல்லை என்றால், ஒரு சாட்சியின் கையெழுத்தையாவது அவருடையதுதான் என்றும், பாட்டியின் கையெழுத்தை அல்லது ரேகையை அவருடையதுதான் என்றும் காட்ட வேண்டும். கிராமத்து உயில்களில் ஊர்க் கர்ணம் சாட்சி போட்டிருப்பது சகஜம். உங்கள் உயிலிலும் அப்படி இருந்தால் அதிர்ஷ்டம். அவர் கையெழுத்து வேறு பத்திரங்களிலும் கிடைக்கும். மூல உயில் இல்லையென்றால் சார்பதிவாளரிடம், உயில்களைப் பதியும் 3-ஆம் புத்தக நகலுக்கு விண்ணப்பியுங்கள், எழுதியவர் இறந்தபின் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வில்லங்கச் சான்றில் உயில் வராது, அதைப் பார்த்து "பதிவே இல்லை" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சென்னை நகரத்துக்குள் எழுதியதோ அங்குள்ள சொத்தைப் பற்றியதோ இல்லை என்பதால், புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கவில்லை என்ற ஆட்சேபணையும் நிற்காது.

நிரூபணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உயில் தோற்றால் 1956 சட்டமும் உங்களுக்கு உதவாது. குழந்தை இல்லாத பெண் உயில் இல்லாமல் இறந்தால் நிலம், வீடு இரண்டுமே கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அண்ணன் மகனுக்கு ஒன்றும் வராது.

இருந்தாலும் உங்களுக்கு ஒரு கடைசி அரண் இருக்கிறது. விதவை இறந்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் ரிவர்ஷனர்கள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். பாட்டி இறந்தது 1955 என்றால் 1967 ஆடியோடு கெடு முடிந்தது. உங்கள் தாத்தா கூட்டு வாரிசு இல்லை, வேற்றாள். உயிலை வைத்து இது என் சொத்து என்று வெளிப்படையாக அனுபவித்தவர். அப்படி என்றால் எதிர்த்தரப்பின் உரிமையே அற்றுப்போயிருக்கும். ஆனால் வாய்ப்பேச்சு போதாது. அந்த வருடங்களின் கிஸ்தி ரசீது, வீட்டு வரி ரசீது, குத்தகைச் சீட்டு, நிலப் பதிவேடுகளை அரசு புதுப்பித்த யூ.டி.ஆரில் யார் பெயரில் பட்டா வந்தது என்பதற்கான நகல், இவற்றைத் தேடி எடுங்கள். பட்டா உரிமையைத் தராது, அனுபவத்தைக் காட்டும். இங்கே வேண்டியது அதுதான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. 1956 ஆடி என்று நிரூபித்து உயிலை நிலைநாட்டினால், அந்த 2 மாவும் கூடவே எழுந்து நிற்கும். அப்போது உங்களுக்கு எழுதிய நிலம் மட்டும் செல்லும், கோவிலுக்கு எழுதியது செல்லாது என்று சொல்ல முடியாது. வாசகத்தைப் பாருங்கள். "இந்த 2 மா சுவாமிக்கு" என்று நிலத்தையே கொடுத்திருந்தால் அது கோவில் சொத்து. "அண்ணன் மகன் இதன் வருமானத்தில் விளக்கு ஏற்ற வேண்டும்" என்றிருந்தால் நிலம் உங்களுடையது, விளக்குக் கட்டளை அதன் தலையில் பாரமாக இருக்கும். முதல் வகை என்றால் இத்தனை வருட அனுபவத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது, கோவில் நிலத்துக்கு எதிராக அந்த வாதம் எடுபடாதபடி அறநிலையத் துறைச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆணையர் அனுமதி இல்லாத விற்பனையும் செல்லாது.

1926 பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். பங்கு பிரியாத குடும்பமாக இருந்திருந்தால் கணவரின் பங்கு 1931-இலேயே தம்பிகளுக்குப் போயிருக்கும், பாட்டிக்கு மிஞ்சியது ஜீவனாம்சம் மட்டும். எதிர்த்தரப்பு அடுத்து அங்கேதான் கை வைப்பார்கள்.

முன்பணம் கொடுத்தவரிடம் நோட்டீஸ் விஷயத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள், மறைத்தால் பிறகு மோசடிப் புகார் வரும். ஒப்பந்தத்தில் 2 மாவும் இருந்தால் அதை நீக்கி, காலக்கெடுவை நீட்டித்துப் புது ஒப்பந்தம் போடுங்கள். இறப்புச் சான்று கிடைத்ததும், தாத்தாவின் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கும்பகோணம் நீதிமன்றத்தில் உரிமை விளம்புகை வழக்கு, அதாவது சொத்து எங்களுடையது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு, போடலாம். உயிலின் பேரில் உரிமை முதல் கோரிக்கை, அது இல்லையென்றால் நீண்டகால அனுபவத்தின் பேரில் உரிமை மாற்றுக் கோரிக்கை. இரண்டையும் ஒரே பிராதில் வையுங்கள்.