பாட்டி பிறந்த வீடு எது?

குடும்ப வரலாறு தேடித் தரும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, வரும் தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். வருகிறவர்களுக்கு வம்சாவளியை அச்சிட்டுக் கொடுக்க ஆசை. ஆண் வழியில் 6 தலைமுறைப் பெயர் இருக்கிறது. அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பற்றி மட்டும் ‘மன்னார்குடி ஆச்சி’ என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. எங்கே தேடுவது?
– வாசகி, குத்தாலம்

பதில்: ‘மன்னார்குடி ஆச்சி’ என்பதே பாதி விலாசம் அம்மா. ஆனால் மன்னார்குடி டவுன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்ணையும் பெரிய ஊரின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம்.

பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். பல வீடுகளில் அப்போது அச்சடிக்கவே இல்லை. பாட்டி பெற்ற பிள்ளைகளுக்கு நடந்த விசேஷங்களைப் பிடியுங்கள். அத்தை கல்யாணமோ சித்தப்பா காதுகுத்தோ, அந்த மொய் நோட்டு பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். அதில் தாய்மாமன் செய்முறை எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘வடுவூர் வை.கோ. மாமா ரூ.11, வேட்டி, சேலை’ என்று ஒரு வரி இருந்தால், அந்த மாமாதான் பாட்டியின் உடன்பிறந்தவர். வடுவூர் பாட்டி பிறந்த ஊர். ‘வை’ பாட்டியின் அப்பா பெயரில் முதல் எழுத்து. ஒரே வரியில் மூன்று விஷயம் கிடைத்துவிடும். கூடப்பிறந்த ஆண் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பா, சித்தப்பா மகன் வந்து சீர் செய்திருப்பார். அப்போது இனிஷியல் ஏமாற்றும். அதனால் இரண்டு விசேஷத்து நோட்டையாவது ஒத்துப் பார்த்த பிறகே எழுதுங்கள். நோட்டின் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள், தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது பத்திரம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விதவைத் தாயாருக்கு ஜீவனாம்சமாக வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் என்று எழுதும்போது அவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் மஞ்சள்காணி கொடுத்திருந்தால் அந்த நிலம் இருக்கும் கிராமமே உங்களுக்கு வழிகாட்டி. கிராமம், சர்வே நம்பர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போடுங்கள். அங்கே பெயருக்கு ஓர் அட்டவணையும் சொத்துக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியாக உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆரில் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) உட்பிரிவு எண்கள் மாறியிருக்கலாம். இன்றைய பட்டாவில் உள்ள எண்ணை வைத்துப் பழைய பத்திரத்தைத் தேடிக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். பழைய பத்திரங்களில் எல்லாமே ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றுதான் இருக்கும். நாகப்பட்டினம் 1991லும், திருவாரூர் 1997லும், மயிலாடுதுறை 2020லும்தான் தனி மாவட்டங்களாயின.

கேள்வி: தாத்தா கல்யாணம் ‘தாது வருஷம் மாசி மாதம்’ என்று குறிப்பு இருக்கிறது. 1936 என்று எழுதலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: கூடாது. தாது 1936 சித்திரையில் பிறந்த வருஷம். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். உங்கள் தாத்தா கல்யாணம் 1937. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதையும் கவனியுங்கள். தாது வருஷப் பஞ்சம் வந்த தாது 1876.

சரிபார்க்கத் திருமணப் பதிவேட்டைத் தேடிப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயமானது 2009இல்தான். குலதெய்வக் கோயிலின் வரி நோட்டைக் கேளுங்கள். கல்யாணமானவர்தான் தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கும் தனிக் குடும்பம். தாத்தா பெயர் புதிதாக ஏறும் வருஷத்துக்குச் சற்று முன்புதான் கல்யாணம் நடந்திருக்கும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள் என்று தெரியவந்தது. அச்சில் போடலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: போடுங்கள். இருதார மணத்தைச் சென்னை மாகாணம் இந்துக்களுக்குத் தடை செய்தது 1949இல். அதற்கு முன் அது சட்ட விரோதம் இல்லை. இரண்டு பேரையும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். ‘இளையாள்’ என்று அடைப்புக்குறிக்குள் தள்ள வேண்டாம், அந்த அம்மாளின் பேரப்பிள்ளைகளும் இதைக் கையில் வாங்குவார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கிளையில் மூத்தவரைப் போனில் கூப்பிடாமல் நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: இத்தனை குடும்பங்களின் காகிதங்களைப் பார்த்தவர் நீங்கள். கணவன் மனைவி எப்படி வாழ்ந்தார்கள் என்பது காகிதத்தில் தெரியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பத்திரிகையில் தெரியாது அம்மா, அதில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள்தான் இருப்பார்கள். கணவர் மனைவி பேருக்கு எழுதிவைத்த செட்டில்மெண்டிலும் உயிலிலும் தெரியும். ‘உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்’ என்ற வரியை நம்ப வேண்டாம், அது எழுத்தர் எல்லோருக்கும் போடும் வாசகம். அதற்குக் கீழே படியுங்கள். ‘ஆயுள்பரியந்தம் அனுபவித்து, பின் என் வாரிசுகளை அடையவும்’ என்று எழுதினால், விற்கவோ கொடுக்கவோ அவளுக்கு உரிமை இல்லை. 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்னால் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள், ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. அந்தக் காலத்திலேயே ஒருவர், பங்காளிகள் சாட்சிக் கையெழுத்துப் போட வந்து நிற்கும்போது, ‘தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்’ என்று, அதாவது விற்கவும் தானம் கொடுக்கவும் முழு உரிமையோடு, மனைவி பேருக்கு முக்கால் மா நஞ்சையை எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பக்கத்தைத் தனியாக நகல் எடுத்து வம்சாவளியில் அவர்கள் இருவர் பெயருக்கும் கீழே சேர்த்துவிடுங்கள்.