ஹால் பாக்ஸின் படம் மாடி அறைக்கும் வர

கேள்வி: ஹாலில் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. அதில் ஸ்பிளிட்டர் (ஒரு படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துத் தரும் கருவி) போட்டு, 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்து மாடி அறை டிவிக்கும் கொடுத்தேன். மாடியில் படம் விட்டு விட்டு வருகிறது, புள்ளி புள்ளியாக மின்னுகிறது. விலை கூடிய கேபிள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. கேபிளின் விலையை விட நீளம்தான் இங்கே சிக்கல். பாக்ஸின் அமைப்புகளில் 4கேயை 1080பிக்குக் குறைத்துப் பாருங்கள். படம் நிலைத்து நின்றால் பெரும்பாலும் நீளம்தான் காரணம். 1080பிக்கு நொடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் தரவு வேகம் போதும். 60 பிரேம் 4கேக்கு 18 கிகாபிட் வரை வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிள் அந்த வேகத்தை 5 மீட்டர் அளவுக்குத்தான் நம்பகமாகத் தாங்கும்.

சுவருக்குள் ஒயர் போகும் கன்ட்யூட் குழாயில் எச்டிஎம்ஐக்குப் பதில் கேட் 6 (நெட்வொர்க்) கேபிளை இழுங்கள். இரு முனையிலும் எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர் (எச்டிஎம்ஐ படத்தை நெட்வொர்க் கேபிளில் தொலைவுக்கு அனுப்பும் கருவி) ஜோடி வையுங்கள்: ஸ்பிளிட்டர் பக்கம் அனுப்பும் பெட்டி, டிவி பக்கம் வாங்கும் பெட்டி. கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசியதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். இரு முனையிலும் ஒரே வண்ண வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கனெக்டர் போடும் இடத்தில் ஒயர் ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். பலருக்கும் படம் துள்ளுவது இதனால்தான். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்கக் கூடாது. மிஞ்சிய நீளத்தை இறுக்கிச் சுருட்டி வைக்கவும் வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: இந்த கேட் 6 ஒரு எக்ஸ்டெண்டர் பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நேராகப் போக வேண்டும். நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச், ரூட்டர் எதுவும் கூடாது. சில எக்ஸ்டெண்டர்கள் இதே கேபிளில் மின்சாரமும் அனுப்புவதால் ஸ்விட்ச் பழுதாகலாம்.

அடுத்தது ஸ்பிளிட்டர். ஒவ்வொரு டிவியும் தன்னால் என்ன காட்ட முடியும் என்று பாக்ஸுக்குச் சொல்லும். இடையில் இருக்கும் ஸ்பிளிட்டர் அதைக் கேட்டு, பல நேரம் இரண்டு டிவிக்கும் பொதுவான குறைந்த அளவையே பாக்ஸுக்குச் சொல்லும். மாடி டிவி 1080பி என்றால் ஹாலின் 4கே டிவியும் 1080பிக்கு இறங்கிவிடும். ஒலியும் அப்படியே: ஹாலில் 5.1 (ஆறு ஸ்பீக்கர் சரவுண்ட்) அமைப்பு இருந்தும் ஸ்டீரியோ மட்டும் வரும். வெளியீடுதோறும் தனியாகத் தரம் குறைத்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டராகக் கேட்டு வாங்கினால் முதல் சிக்கல் தீரும். ஒலிக்கு, பாக்ஸில் ஆப்டிகல் அவுட் (ஒளி வழியாக ஒலி தரும் துளை) இருந்தால் அதிலிருந்து நேராக ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்துவிடுங்கள். 4கே நிகழ்ச்சி வேண்டுமென்றால் ஸ்பிளிட்டர், எக்ஸ்டெண்டர் எல்லாமே எச்டிசிபி 2.2 (நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு முறை) ஏற்க வேண்டும். நடுவில் ஒன்று ஏற்காவிட்டாலும் திரை கறுக்கலாம், அல்லது தரம் இறங்கும்.

மாடியிலிருந்து சேனல் மாற்ற, ஐஆர் (ரிமோட் சிக்னலைக் கடத்தும்) வசதியுள்ள எக்ஸ்டெண்டர் ஜோடியாகப் பாருங்கள். அதன் சிறு எமிட்டரை (சிக்னலை உமிழும் முனை) பாக்ஸின் ரிமோட் கண்ணுக்கு நேராக ஒட்ட வேண்டும்; அரை அங்குலம் தள்ளினாலும் வேலை செய்யாமல் போகலாம். இரண்டு டிவியிலும் ஒரே சேனல்தான் ஓடும். வேறு வேறு பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது பாக்ஸ் தேவை.

சுவருக்குள் போவதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் இணைத்து ஒரு மணி நேரம் ஓட விட்டுச் சோதியுங்கள். இழுக்கும்போதே இரண்டாவது கேட் 6 ஒன்றையும், பின்னால் வேறு கேபிள் இழுக்க ஒரு நைலான் கயிற்றையும் குழாயில் சேர்த்து விட்டுவிடுங்கள்.