மண்ணைப் பார்க்கவா இத்தனை வருஷப் படிப்பு?

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஐயாவுக்கு,

பெண் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிக்கப்போகிறாள், மேலே படித்து மண்ணை ஏதோ அணு மெஷினில் வைத்துப் பார்ப்பாளாம், இதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த அணு பயத்தை விடுங்கள். அவள் சொல்வது என்.எம்.ஆர்., அதாவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. கல்பாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கதிரியக்கமும் கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே தத்துவம். 'நியூக்ளியர்' என்றால் நோயாளிகள் மிரள்வார்கள் என்று ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லையே கழற்றிவிட்டார்கள்.

சரி, மண்ணில் என்ன தெரியும்? மண் பரிசோதனைக்குக் கொடுத்தால் அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருளில் உள்ள கார்பன், இத்தனை சதவீதம் என்று வரும். அது அளவு மட்டும்தான். அந்தக் கரிமம் என்ன வகை என்று என்.எம்.ஆர். சொல்லும். தோப்பில் உதிர்கிற சருகு, நீங்கள் கொட்டுகிற தொழு உரம் எல்லாம் மக்கி என்னவாக மாறிக் கிடக்கிறது என்று பார்க்கலாம். மெழுகு, கொழுப்பு வகைக் கரிமம் வரைபடத்தில் ஏறக்குறைய 0 முதல் 45 பி.பி.எம். வரை தலைகாட்டும் (இந்த பி.பி.எம். வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண், மண்ணில் உள்ள அளவு அல்ல). செல்லுலோஸ் போன்ற சர்க்கரை வகை 45 முதல் 110 வரை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், எரிந்த கரி எல்லாம் அதற்கு மேலே 160 வரை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் பிச்சாவரத்துச் சேற்றையும் தோப்பு மண்ணையும் இப்படி அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது எப்படி மாறியிருக்கிறது என்று புரியும். உங்கள் பெண்ணுக்கு இதில் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் பொறுமை வேண்டும். இயற்கையில் உள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதமான கார்பன்-13 என்ற சற்றுக் கனமான வகை மட்டும்தான் இந்தக் கருவிக்குப் பதில் சொல்லும். நம் செம்மண்ணில் கரிமமே குறைச்சல், அதிலுள்ள இரும்பு வேறு சிக்னலைக் கெடுக்கும். அதனால் பொடித்த மண்ணை முதலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கழுவி, இரும்பையும் கனிமத்தையும் கரைத்து வெளியேற்றுவார்கள். பயப்பட வேண்டுமென்றால் இந்த அமிலத்துக்குப் பயப்படுங்கள், ஐயா. தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும். நீர்த்த அமிலம் பட்டால் வலிகூட உடனே தெரியாது. கையுறை, புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு, அமிலம் பட்டால் தடவக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆய்வகத்தில் அவள் அதைத் தொடவே கூடாது. அப்புறம் மண்ணைச் சின்னக் குழலில் அடைத்து, காந்தப்புலத்தின் திசைக்கு 54.7 டிகிரி சாய்த்து, நொடிக்குப் பல ஆயிரம் சுற்று சுழலவிடுவார்கள். ஒரு மாதிரிக்கு ராத்திரி முழுக்க ஓடும்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். 'மண் என்.எம்.ஆர். நிபுணர் தேவை' என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. மண் அவளுடைய ஆராய்ச்சிக் கேள்வியாக இருக்கட்டும், சோறு போடப்போவது கருவி. என்.எம்.ஆர். வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் சென்னை, ஹைதராபாத், பெங்களூரு மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்கு எப்போதும் தேவை. அங்கே பெரும்பாலும் பொருளைத் திரவத்தில் கரைத்துப் பார்க்கும் கரைசல் என்.எம்.ஆர்.தான், அவள் அதையும் நன்றாகக் கற்றிருக்க வேண்டும். மண்ணில் கரிமத்தைச் சேர்த்து வைத்தால் காசு தரும் கார்பன் கிரெடிட் வந்துவிட்டது, இனி மண் படித்தவர்களுக்குப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதற்குக் கரிமத்தின் அளவுதான் கேட்பார்கள், வகை அல்ல.

எந்தப் படிப்பு? பலர் சறுக்குவது இங்கேதான். மண்ணியலில் எம்.எஸ்சி. வேளாண்மை சேர வேண்டுமென்றால் பொதுவாக பி.எஸ்சி. வேளாண்மையோ அது சார்ந்த பட்டமோ படித்திருக்க வேண்டும், கெமிஸ்ட்ரி பட்டம் செல்லாது. ஆகவே எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியே சரி. புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு, ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அங்கே வேளாண் புலமும் உண்டு என்பது பின்னால் மண் மாதிரிக்கும் ஆலோசனைக்கும் உதவும். எம்.எஸ்சி. கடைசி வருஷமே சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு, உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் பி.எச்டி.க்கு அவசரப்படாமல் இரண்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். கடலூர் சிப்காட்டிலேயே தேடிப் பார்க்கலாம். கல்யாணப் பேச்சு பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை அவளிடமே கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக மையக் கருவிக்கூடத்தில் என்.எம்.ஆர். இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் மூலம் எழுதி அனுமதி வாங்கி, அவள் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரட்டும். கூட நீங்களும் போனால், கைக்கடிகாரம், ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள், வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.