பழைய ஜீப்பின் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, எல்இடி பல்பு போடலாமா?

1990-களில் வந்த மஹிந்திரா எம்எம் 540 ஜீப், ஹெட்லைட் அகல் விளக்காக எரிகிறது, எல்இடி பல்பு போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். யாரிடமாவது ஒரு மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) இரவல் வாங்குங்கள்.

என்னிடமும் அதே வண்டிதான். மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றுக் கரையோரம் வயல். தை மாத சம்பா அறுவடையில் வீடு திரும்ப இரவு பதினொரு மணி ஆகிவிடும். எங்கள் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். மாலையில் அதைக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கருங்கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுபக்கம் வாய்க்கால். பனியும் இறங்கினால் அந்தக் குவியல் பத்தடிக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

இரண்டு முறை நெல் மேல் ஏற்றி ஏச்சு வாங்கிய பிறகு, 60/55 வாட்ஸ் ஹாலஜன் பல்பைக் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) கழற்றிவிட்டு 100/90 போட்டேன். பத்து நாள் கல்யாண வெளிச்சம். பிறகொரு நாள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பல்பைச் செருகும் ஹோல்டர் உருகி, ஆற்றங்கரை வளைவில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. செல்பேசி வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெரியவர் பல்பைத் தொடவே இல்லை. பழையபடி 60/55 மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 13.6 வோல்ட். ஹெட்லைட் ஹோல்டரில் வைத்தார்: 11.1. "மீதியெல்லாம் வழியிலேயே போகிறது, தம்பி" என்றார். ஹாலஜனில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் விழும். என் கணக்குக்குப் பாதி வெளிச்சமே போயிருந்தது.

காரணம் எளிது. இரண்டு பல்பும் சேர்ந்து இழுக்கும் 10 ஆம்பியரும் டாஷ்போர்டு சுவிட்ச், டிம் சுவிட்ச், முப்பது வயதுக் கம்பி எல்லாவற்றையும் கடந்து போகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை நேராக இழுத்துவிட்டால், பழைய சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எர்த்தையும் புதிதாகக் கொடுங்கள்; முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றில் அங்கேதான் முதலில் பச்சை பூத்திருக்கும்.

அடுத்து டூம், அதாவது கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு. உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும். ஏழு அங்குல வட்ட டூம் எங்கும் கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

எல்இடியைப் பொறுத்தவரை, ஹாலஜன் டூமுக்குள் எல்இடி பல்பை மட்டும் செருகுவதை நான் ஏற்பதில்லை. அந்த ரிஃப்ளெக்டர், ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. ஒளிப்புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் வெளிச்சம் சிதறி, எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும். அவருக்கும் ஒரு பக்கம் வாய்க்கால்தான். எல்இடிதான் வேண்டுமென்றால் முழு டூமாக வாங்குங்கள். ஆனால் டிம்மில் ஒளிக்கோடு (சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு) இடப்பக்கம் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வலப்பக்கம் போகும் நாடுகளுக்குச் செய்ததில் அது வலப்பக்கம் ஏறும். இங்கே எதிர்வண்டியின் முகத்தில்தான் அடிக்கும்.

கடைசியாக, சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, டிம்மின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்துக்கு இரண்டு அங்குலம் கீழே விழும்படி திருகுங்கள். வெறும் வண்டியில் பார்க்காதீர்கள். பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். நான் 40 கிலோ நெல் மூட்டை ஐந்தை ஏற்றிவைத்துத்தான் திருகினேன். வெறும் வண்டியாக ஓட்டும்போது வெளிச்சம் கொஞ்சம் தாழ்வாக விழுகிறது. பனிக்கு அதுவும் நல்லதாகவே இருக்கிறது.