நுகர்வோர் கேள்வி-பதில்: பேனாக்கத்திக்குப் புதுப் பிடி

சென்ற மாதம் பேனாக்கத்தியின் கைப்பிடியை மாற்றுவது பற்றி வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதியதிலிருந்து, அதே பொருள் குறித்துக் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. எனவே இந்த வாரம் முழு இடத்தையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். கத்தியின் இரு புறமும் கைப்பிடியாகப் பொருத்தப்படும் பிளாஸ்டிக், மரம் அல்லது உலோகத் துண்டுகளையே கீழே ‘பக்கத் தகடு’ என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் விக்டோரினாக்ஸ் (சுவிஸ் நிறுவனம்) கத்தியின் சிவப்புத் தகடு விரிசல் விட்டுவிட்டது. மரத்தகடு மாட்ட விரும்புகிறேன். எங்கு பார்த்தும் திருகு தென்படவில்லையே? — திருமங்கலம் வாசகர்

பதில்: அந்த வகைக் கத்தியில் பக்கத் தகட்டுக்குத் திருகு கிடையாது. கத்தியின் அடுக்குகளை இணைக்கும் பித்தளை ரிவெட்டுகளின் (முனையை அடித்து விரித்த ஆணிகளின்) தலைகளை, பிளாஸ்டிக் தகட்டின் உட்புறக் குழிகள் கவ்விக்கொண்டிருக்கின்றன. அவ்வளவுதான் அதன் பிடிப்பு. பல்குச்சியையும் சிறு இடுக்கியையும் முதலில் உருவி எடுத்துவிட்டு, எல்லா அலகுகளையும் மடக்கிய நிலையில், மெல்லிய உறுதியான உலோகப் பட்டை ஒன்றை பிளாஸ்டிக்குக்கும் உலோக உள்தகட்டுக்கும் நடுவே, ரிவெட் இருக்கும் இடத்துக்கு அருகில் நுழைத்துச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஒரே மூச்சில் நெம்பினால் உள்தகடு வளைந்துவிடும். நெம்பும் திசையில் உங்கள் விரல் இருக்கக் கூடாது.

புதுத் தகடு வாங்கும் முன் கத்தியின் மடக்கிய நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 58, 84, 91 மி.மீ. என்று தனித்தனி அளவுகள் உள்ளன. ஒன்றின் தகடு மற்றொன்றில் உட்காராது. ‘அலாக்ஸ்’ எனப்படும் அலுமினியப் பிடி உள்ள கத்திகளில் ரிவெட், தகட்டையும் துளைத்து வெளியே வந்து அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அதை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். நிறுவனத்தின் வாழ்நாள் உத்தரவாதம் மூலப்பொருள் குறைக்கும் தயாரிப்புக் குறைக்கும் மட்டுமே பொருந்தும். நீங்கள் மாற்றியமைத்ததால் வரும் சேதத்துக்கு அதில் இடமில்லை.

கேள்வி: என் கத்தியில் பக்கத் தகட்டைத் திருகால் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் திருகை மூக்குக் கண்ணாடிக் கடை ஸ்க்ரூடிரைவரால் கழற்றியபோது திருகின் தலை தேய்ந்து வழுக்கிவிட்டது. கத்தி விற்ற கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். யாரிடம் புகார் செய்யலாம்? — அனுப்பானடி வாசகர்

பதில்: யாரிடமும் செய்ய முடியாது. கடைக்காரர் மீது எந்தத் தவறும் இல்லை. இவ்வகைத் திருகின் தலையில் இருப்பது ஆறு முனை நட்சத்திரப் பள்ளம். அதற்கு டி6, டி8 என்று அளவு குறித்த டார்க்ஸ் முனை வேண்டும். கத்தி வாங்கப் பணம் செலவழித்தவர், அந்த முனைக்கும் செலவழித்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் திருகின் மரையில் பசை தடவியிருப்பார்கள் என்பதால், சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலைமீது அரை நிமிடம் வைத்து, பசை இளகியதும் சரியான முனையைச் செங்குத்தாக அழுத்தித் திருப்ப வேண்டும். மீதமுள்ள திருகுகளையாவது அவ்வாறு கழற்றுங்கள்.

கேள்வி: மான் கொம்பில் செய்த பக்கத் தகடு மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. உதிர்ந்த கொம்புதான் என்கிறார்கள். வாங்கலாமா? — மேலூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். உதிர்ந்த கொம்பாகவே இருந்தாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: மதுரையில் ஒரு கடையில் கருங்காலிப் பக்கத் தகடு ஒரு ஜோடி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டே நாளில் வியர்வை பட்டு உள்ளங்கை முழுவதும் கறுப்பாகிறது. திரும்பக் கொண்டுபோனால், “விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்கிறார்கள். என்னிடம் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு மட்டுமே. அதில் ‘பிடி - 1’ என்று எழுதியிருக்கிறது. — சோழவந்தான் வாசகர்

பதில்: உங்கள் நிலை எனக்கு நன்றாகவே தெரியும். நானும் இதே போன்ற சீட்டை நம்பி ஏமாந்தவன். ஈட்டி மரம் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட தகடுகள், சரியாகக் காயாத ஏதோ ஒரு மரம். தை மாதம் பொருத்தினேன். சித்திரை வெயிலில் தகட்டின் நடுப்பகுதி உள்தகட்டை விட்டு எழும்பி, இடையே வெளிச்சம் தெரிந்தது. திருகை இறுக்கியபோது துளையிலிருந்து ஓரம்வரை இழையோடு பிளந்தது. கடைக்குப் போனேன். என் சீட்டில் மரத்தின் பெயர் இல்லை, கடையின் பெயர் இல்லை, தேதிகூட இல்லை. ஒன்றும் பேச முடியாமல் திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன். மாசி வீதிகளில் பத்து ரூபாய்ப் பொருளுக்குக் கணினி பில் தரும் கடைகள் இருக்க, ஆயிரக்கணக்கில் வாங்குபவரிடம் “பில் வேண்டுமானால் ஜி.எஸ்.டி. சேரும்” என்று சொல்லித் துண்டுச் சீட்டைக் கையில் திணிப்பதையும், வாங்குபவரும் வரி மிச்சம் என்று எண்ணி அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மிச்சமாவது சில நூறு. கைவிட்டுப் போவது கேள்வி கேட்கும் உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. கடையின் சுவரில் என்ன எழுதித் தொங்கவிட்டிருந்தாலும் அது சட்டத்தை மாற்றிவிடாது. எனவே பில் கேளுங்கள். அதில் ‘பிடி’ என்று எழுதினால் ஏற்காமல், ‘கருங்காலி மரப் பக்கத் தகடு, ஒரு ஜோடி’ என்று முழுமையாக எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான மரத்தை விற்பவர் எழுதித் தரத் தயங்க மாட்டார்.

உங்கள் தகட்டைச் சோதிக்க, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து உட்புறத்தில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கன்னங்கறேல் என்று மாறினால் அது சாயம். அதே இடத்தில் சிறிது அரம் போட்டால், மேல்சாயத்துக்குக் கீழே வெளிறிய மரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். தண்ணீரில் மூழ்குகிறதா என்று பார்க்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். மூழ்கும் கனமான மரங்கள் வேறும் உண்டு. ஊறிய தகடு வளைந்துபோவதுதான் மிச்சம். சோதனையைப் படம் பிடித்துக்கொண்டு, கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பணம் யு.பி.ஐ. வழியாகச் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவு நீங்கள் அங்கே வாங்கியதற்குச் சான்றாகும். அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்த தகடுகளை வாங்கினேன். திருகுத் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. உறையைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். துளையை நானே பெரிதாக்கிக்கொள்ளட்டுமா? — கே.புதூர் வாசகர்

பதில்: துளையைத் தொடவே தொடாதீர்கள், தொட்டால் உங்கள் புகார் அத்துடன் முடிந்தது. எல்லாக் கத்திக்கும் பொருந்தும் பக்கத் தகடு என்று உலகில் ஒன்று இல்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில்கூடப் பழைய தயாரிப்புக்கும் புதியதற்கும் துளைகள் மாறக்கூடும். அப்படி விளம்பரம் செய்தவர்தான் தவறு செய்தவர். விளம்பரப்படி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. அந்த இணையப் பக்கம் மாற்றப்படுவதற்குள் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பலனில்லை என்றால், விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: தகடு மாற்றிய பிறகு அலகு ஒரு பக்கமாக உரசுகிறது. இறுக்கினால் திறக்கவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது. கத்தி தரமற்றதா? — உசிலம்பட்டி வாசகர்

பதில்: கத்தியைக் குறை சொல்லும் முன் அலகின் இரு புறமும் உள்ள வாஷர்களைப் பாருங்கள். ஒன்று மடிந்தோ, இடம் மாறியோ, கீழே விழுந்தோ இருக்கும். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்து, திருகுகளை எடுத்த இடத்தின் வடிவிலேயே ஒரு வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

கேள்வி: தாத்தா பயன்படுத்திய மடக்குக் கத்தி இது, உள்ளூர்க் கொல்லர் செய்து கொடுத்ததாம். மரப்பிடி உளுத்துவிட்டது. ரிவெட் அடித்திருக்கிறது. இணையத்தில் எந்த அளவில் தகடு வாங்குவது? — திருப்புவனம் வாசகர்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். கையால் செய்த கத்திக்கு ஆயத்தத் தகடு கிடைக்காது. அரிவாள் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தி உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. ரிவெட்டின் தலையை மட்டும் அரத்தால் ராவி எடுத்து, பித்தளைக் கம்பியால் புது ரிவெட் அடிக்கத் தெரிந்தவரா என்று விசாரித்து, கூலியை முன்கூட்டியே பேசிவிட்டுக் கொடுங்கள். அலகைச் சாணை பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கேட்காமலே பிடித்துவிடுவார்கள், பழைய அலகு தேய்ந்துபோகும். உளுத்த பிடியைத் தூக்கி எறியாமல் கத்தியோடு கொடுத்தனுப்புங்கள். புதுப் பிடிக்கு அளவு எடுக்க அதைவிட நல்ல அச்சு அவருக்குக் கிடைக்காது.