சாமியாருக்கு நிலத்தில் என்ன வேலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். லால்குடிப் பக்கம் எங்கள் ஊர். விரகாலூர் கூப்பிடு தூரம்தான். ஜூலை 5 அன்று, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக நின்று, கைதாகிக் காவலிலேயே இறந்த விரகாலூர்க்காரர் ஸ்டேன் சுவாமி அடிகளாரின் நினைவுப் பூசைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. என் மாமனார் நாற்பது வருஷம் பங்குக் கோவிலுக்காக உழைத்தவர். அவர் சொன்னார்: “பள்ளிக்கூடம் நடத்தினோம், ஆஸ்பத்திரி வைத்தோம், பூசை வைத்தோம் என்று இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? சாமியாருக்கு நிலத்து வழக்கில் என்ன வேலை?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்தில் என் நண்பர் வேறு மாதிரிப் பேசுகிறார். “காட்டுக்குள்ளே போய்ச் சேவை செய்வதெல்லாம் மதம் மாற்றத்தானே” என்கிறார். அவரையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. நல்ல மனிதர்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். நர்சிங் முடித்திருக்கிறாள். ஜார்க்கண்டில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு கிராமத்து மருந்தகத்தில் ஒரு வருஷம் வேலை செய்யப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். என் மனைவி அழுகிறாள். நீங்கள் அந்தப் பக்கம் போய் வந்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகர்

---

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாமனாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கேள்வி ஸ்டேன் சுவாமிக்கும் மூத்தது, நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் பழையது.

1885-ல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு சேசு சபை (ஜெசுயிட்) குரு தோர்ப்பாவுக்கு வந்து சேர்ந்தார். இன்றைக்கு ஜார்க்கண்டின் கூண்ட்டி மாவட்டத்தில் இருக்கும் ஊர். வயது 29. அவருக்கு முன்பே அந்தப் பகுதிக்குக் கத்தோலிக்கக் குருக்கள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் முன்னால் 1845-லேயே ஜெர்மானிய லுத்தரன் மிஷன் ராஞ்சியில் இறங்கிவிட்டது. ஆனால் அந்தப் பகுதிப் பழங்குடிகளான முண்டா மக்களுக்கு அப்போது தலைபோகிற கவலை ஒன்றே ஒன்றுதான்: நிலம்.

காட்டை வெட்டித் திருத்தி ஊராக்கிய குடும்பங்களுக்கே அந்த நிலம் பொது என்பது அவர்கள் முறை. கூண்ட்கட்டி என்று பெயர். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. முன்னோரைப் புதைத்த இடத்தில் பெரிய கற்பலகைகள் கிடக்கும். ‘சசாந்திரி’ என்பார்கள். அந்தக் கல்தான் எங்கள் பட்டா என்பது முண்டாக்களின் சொலவடை. கோர்ட்டுக் கச்சேரியில் கல் செல்லாது, காகிதம்தான் செல்லும். காகிதம் ஜமீன்தார் கையில் இருந்தது. குத்தகையை ஏற்றினார்கள், ரசீது தரவில்லை, வெட்டி வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கூலியில்லாமல் அடித்து வாங்கும் வேலைதான் வெட்டி என்பதை நாம் மறந்துவிட்டோம். இன்று ‘சும்மா வெட்டியாக இருக்கிறான்’ என்கிறோம். அந்த வார்த்தைக்குள் எத்தனை முதுகுகள் இருக்கின்றன!

லீவன்ஸ் முண்டாரி மொழி படித்தார், அதோடு குத்தகைச் சட்டமும் படித்தார். தோர்ப்பாவுக்கு வந்த ஜனங்களின் வழக்குகளை உட்கார்ந்து கேட்டு, நியாயமானவற்றைப் பிரித்து, ராஞ்சியில் வக்கீல் பிடித்துக் கொடுத்தார். சட்டப்படி உள்ள குத்தகையைக் கட்டு, ரசீது வாங்கு, சட்டத்துக்கு மேற்பட்ட வெட்டிக்குப் போகாதே. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். ஜமீன்தார்கள் அரசாங்கத்துக்குப் புகார் எழுதினார்கள், கலகம் மூட்டுகிறார் என்றார்கள். சாமியாருக்கு நிலத்தில் என்ன வேலை என்றுதான் அவர்களும் கேட்டார்கள். காசநோய் முற்றி 1892-ல் ஊர் திரும்பியவர், மறு வருஷம் லூவனில் இறந்தார். வயது 37. இறந்து நூறு வருஷம் கழித்து 1993-ல் அவருடைய எலும்புகளை ராஞ்சிக்குக் கொண்டுவந்து பேராலயத்தில் வைத்தார்கள்.

இப்போது உங்கள் நண்பரின் கேள்வி. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. லீவன்ஸ் வழக்குக்கு உதவினார், சில வருஷங்களுக்குள் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்தன. ஆத்தும இரட்சணியமே அவருடைய முதல் நோக்கம் என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் உங்கள் நண்பர் முண்டாக்களைத் தூண்டிலில் மாட்டும் மீனாக நினைக்கிறார். அங்கேதான் அவரோடு எனக்குச் சண்டை. அந்த மக்கள் எத்தனை முறை இடம் மாறினார்கள் என்று பாருங்கள். லுத்தரன்களிடம் போனார்கள், அங்கே நிலத்துக்குக் குரல் எழவில்லை என்றதும் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். ஒரு பகுதி லீவன்ஸிடம் வந்தது. அவருக்குப் பிறகு மிஷன் ஜாக்கிரதையாக ஒதுங்கியதும் அங்கிருந்தும் பலர் போனார்கள். முண்டாக்களின் எழுச்சித் தலைவர் பிர்சா முண்டா சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தவர். நிலத்துக்காகப் போராடிய முண்டா சர்தார்களைப் பாதிரிமார் பழித்தபோது வெளியே வந்துவிட்டார். 1899 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய எழுச்சி வெடித்தபோது சர்வதாவில் இருந்த கத்தோலிக்க மிஷன் வீட்டின்மீதும் அம்புகள் பாய்ந்தன.

ஏமாந்தவர்கள் செய்கிற காரியமா இது? கையில் ஒரே ஒரு தராசு வைத்துக்கொண்டு வந்தவர் போனவர் எல்லாரையும் நிறுத்துப் பார்த்த ஜனங்கள் அவர்கள். நிலத்தில் எங்கள் பக்கம் நிற்கிறாயா இல்லையா? நிற்கும்வரை கூட இருந்தார்கள், நிற்காத நாளில் அம்பு விட்டார்கள்.

சர்வதாவில் அப்போது இருந்தவர் யோவான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன். ஜெர்மானியர், அவரும் சேசு சபைக் குரு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த மனிதர் இவர்தான், ஏனென்றால் அம்பு வந்த பிறகு அவர் செய்த காரியங்கள்தான் நிலைத்தன. பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தார். அந்த எழுச்சியின் சூடு ஆறாமல் இருந்ததால்தான் பிரிட்டிஷார் நில அளவைக்கும் புதுச் சட்டத்துக்கும் இறங்கி வந்தார்கள். முண்டாக்களின் நில முறை என்ன என்று அதிகாரிகளுக்கு எழுதிப் புரியவைத்தவர்களில் ஹாஃப்மன் முக்கியமானவர். 1908-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் இன்றுவரை தடுத்து நிற்பது அதன் 46-ஆம் பிரிவுதான். விதை போட்டது பிர்சா, காகிதத்தில் எழுதியவர்களில் ஒருவர் ஹாஃப்மன். இந்த வரிசையை மாற்றிச் சொல்லும் மிஷன் வரலாறுகளை நான் நம்புவதில்லை.

மறு வருஷமே, 1909-ல், ஹாஃப்மன் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். நிலத்தைச் சட்டம் காப்பாற்றினாலும் வட்டிக்காரன் விளைச்சலைப் பிடுங்கிவிடுவானே. சங்கத்தோடு ஊர் ஊராக நெல் களஞ்சியங்களும் வந்தன. ‘கோலா’ என்று பெயர். அறுவடையில் அவரவர் நெல்லைப் போட்டு வைப்பது, பஞ்சமான மாதத்தில் எடுத்துக்கொள்வது, அறுத்ததும் சற்றுக் கூடுதலாகத் திருப்பிப் போடுவது. களஞ்சியமும் ஊரின் பொறுப்பு, கணக்கும் ஊரின் பொறுப்பு. இதற்கு நடுவில் முண்டாரிக்கு இலக்கணம் எழுதினார், பிறகு தொகுதி தொகுதியாக ஒரு கலைக்களஞ்சியம். உழவு, சடங்கு, பாட்டு, உறவுமுறை என்று ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் வாழ்க்கை முழுவதையும் சொல்லும் களஞ்சியம். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதற்காக அவரை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். போன இடத்திலும் அதையே எழுதிக்கொண்டிருந்து 1928-ல் இறந்தார். அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரக் குருக்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். ஊர் ஊராய் நடந்தவர்கள் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்கள், அந்த மண்ணின் ஆட்கள். இன்னொரு சங்கதி உங்கள் மகளுக்கு: ராஞ்சியில் லொரேட்டோ கன்னியரிடம் படித்த நான்கு ஓராவோன் பெண்கள் கல்யாணம் வேண்டாம் என்று நின்றார்கள். வீட்டில் எதிர்ப்பு, ஊரில் பேச்சு. பழங்குடிப் பெண்கள் கன்னியர் ஆவதா என்ற தயக்கம் சபைக்குள்ளேயும் இருந்தது. 1897 ஜூலை 26 அன்று ராஞ்சி புனித அன்னாள் சபை பிறந்தது. (உங்கள் திருச்சி அன்னாள் சபை வேறு.) தலைமை ஏற்ற பெர்னதெத் கிஸ்போட்டாவுக்கு அப்போது 19 வயது. உங்கள் மகளைவிடச் சின்னவள் என்று நினைக்கிறேன். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அந்தத் தாய்மாரும் அழுதிருப்பார்கள்.

இனி உங்கள் ஊர்க்காரர். ஸ்டேன் சுவாமி 1965-ல் சாய்பாசா பக்கம் மாணவர் விடுதி இருந்த பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். உங்கள் மாமனார் சொல்கிற பள்ளிக்கூட வேலைதான். பிள்ளைகளோடு வாரச் சந்தைக்குப் போனபோது, அவர்களுடைய பெற்றோர் கொண்டுவந்த பொருளை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குப் பிடுங்குவதைப் பார்த்தார். வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த கணக்கு சந்தையில் உதவவில்லை. அவர் பாதை அங்கே திரும்பியது. பிற்பாடு ராஞ்சிக்கு வெளியே நாம்கூமில் 2006-ல் பகாயிச்சா என்ற மையத்தை அமைத்தார். தோட்டம் என்று அர்த்தம். அந்த வளாகத்தில் பிர்சாவுக்குச் சிலை இருக்கிறது. சேசு சபையார் வீட்டில் அம்பு விட்டவர்களின் தலைவருக்கு, சேசு சபையார் வீட்டு முற்றத்தில் சிலை. நான் பார்த்தபோது சற்று நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

2016-ல் அந்த 1908 சட்டத்தைத் திருத்த மாநில அரசு மசோதா நிறைவேற்றியது. பழங்குடி மக்கள் தெருவில் இறங்கினார்கள், ஸ்டேன் சுவாமியும் எதிர்த்தார். அன்று ஆளுநராக இருந்த திரௌபதி முர்மு 2017-ல் திருப்பி அனுப்ப, மசோதா கைவிடப்பட்டது. அதே ஆண்டு, விசாரணையே முடியாமல் சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களுக்காக ஸ்டேன் சுவாமி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2020 அக்டோபர் 8 அன்று, மகாராஷ்டிரத்தில் 2018-ல் நடந்த வன்முறையை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கில் அவர் கைது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது, உறிஞ்சு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். 84 வயது. வழக்கு அவர் வாழ்நாளில் விசாரணைக்கே வரவில்லை.

மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: பள்ளியும் ஆஸ்பத்திரியும் நல்லவை. ஆனால் நிலம் போனவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டான், செங்கல் சூளைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவான். பள்ளியில் பிள்ளை உட்கார வேண்டுமென்றால் அப்பன் வயலில் நிற்க வேண்டும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உங்களை நம்பவைக்க எனக்கு மனமில்லை. சர்னா என்ற தங்கள் பழைய இயற்கை வழிபாட்டில் இருக்கும் ஆதிவாசிகளுக்கும் கிறிஸ்தவ ஆதிவாசிகளுக்கும் நடுவே இன்று விரிசல் இருக்கிறது. அரசியல் அதை ஊதுகிறது, உண்மைதான். ஆனால் முன்னோர் சடங்குகளைப் பேய்க் காரியம் என்று தள்ளிய பழைய உபதேசங்களுக்கும் அதில் பங்கு உண்டு. நகரத்தில் வசதியானவர்களின் பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிகள் நடத்துவதில் குளிர்காயும் சபைகளும் உண்டு. அந்த வேதனை எனக்கு இருக்கிறது.

உங்கள் மகளுக்காக ஒரு காட்சி. பத்து வருஷம் முன்பு தோர்ப்பாவுக்கு அப்பால் ஒரு முண்டா கிராமத்தில் மூன்று நாள் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ‘மாந்தர்’ என்ற அவர்களுடைய மேளம். முடிந்ததும் மருந்தக சிஸ்டர் திண்ணையில் பி.பி. கருவியோடு உட்கார்ந்தார். வரிசையில் ஒரு கிழவி. முறை வந்ததும் கையை நீட்டவில்லை. மடியிலிருந்து உரச்சாக்குத் துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே எட்டாக மடித்த காகிதம். கதியான், நம் ஊர்ப் பட்டா மாதிரி. மடிப்பெல்லாம் பஞ்சாகியிருந்தது. கீழ்வயல் உன்னுடையது இல்லை என்று கொழுந்தன் மகன் சொல்கிறானாம். தண்ணீர் தேங்கும் அந்த நெல் வயலை அங்கே ‘தோன்’ என்கிறார்கள். சிஸ்டர் காகிதத்தை வெளிச்சத்துக்கு உயர்த்தி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் எழுத்து தெரியாமல் வெயிலுக்கே எழுந்து போனார். வயலின் எண் கிடைத்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். கிழவி அதைக் கதியானுக்குள் வைத்து மடித்துச் சுற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பி.பி. பார்க்கக் கையை நீட்டினாள்.

மகளை அனுப்புங்கள். ஒரு வருஷம் போதாது என்றும் சொல்லி அனுப்புங்கள், முதல் ஆறு மாதம் மொழிக்கே போய்விடும். தன்பாத் போகிற ஆலப்புழா ரயில் ராஞ்சி வழியாகத்தான் போகிறது. கோவை, திருப்பூர் பக்கத்து மில்களில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பிள்ளைகள் அதில் ஊர் திரும்புவார்கள். அவர்களோடு உட்கார்ந்தால் ஊர் வருவதற்குள் அந்தப் பக்கத்துப் பொதுமொழியான சாத்ரியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளலாம். ‘ஜோஹார்’ என்று கும்பிட்டுத் தொடங்கட்டும்.

கையில் ஸ்டெதஸ்கோப்போடு நல்ல பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கதியானில் எழுத்து ரொம்பப் பொடி.

அன்புடன்.